ஏப்பம் வராத வயிறு: நெஞ்செரிச்சல் அறுவைக்குப் பின் தொடரும் தொல்லைகள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி மூன்று வாரமாகிறது. வயிற்றில் போட்ட சிறு துளைகள் ஆறிவிட்டன. இருபது ஆண்டுகளாக இரவில் தூங்கவிடாமல் தொண்டை வரை ஏறிவந்த புளிப்பும் நின்றுவிட்டது. ஆனால் மதியச் சோறு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு மத்தளம்போல உப்புகிறது. ஒரு ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. அந்த ஏப்பம்தான் வரவில்லை. "காத்து புடிச்சிருக்கு" என்று சொல்லி வீட்டில் ஒரு டின் 100 பிளஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள். குடித்த சிறிது நேரத்தில் வலி நெஞ்சுக்கு ஏறுகிறது. இரவோடு இரவாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டியதாகிறது.

எதுக்களிப்பு நோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில் பலர் இதை ஏதாவது ஒரு வடிவில் சந்திக்கிறார்கள். அறுவை தோற்றுவிட்டதா, இல்லை புதிதாக வேறு நோய் வந்துவிட்டதா என்ற பயம் உடனே வந்துவிடும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அறுவை எதைச் செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்திருக்கிறது. அமிலம் மேலே வராமல் தடுக்கப் போட்ட கட்டு, காற்றையும் மேலே வரவிடாமல் தடுக்கிறது. இது புரியாததால்தான் நம் வீடுகளில் காலங்காலமாகக் கைகொடுத்த வைத்தியமே இவர்களுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

நம்மவர்களிடையே வயிற்றில் எது வந்தாலும் அதற்குப் பெயர் 'கேஸ்ட்ரிக்'. பசி எரிச்சல், வயிற்றுப் புண், புளித்த ஏப்பம், உப்புசம் எல்லாம் அந்த ஒரே சொல்லில் அடங்கிவிடும். அதில் எதுக்களிப்பு நோய் தனி ரகம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. உணவு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்வது அதன் வேலை. அது தளர்ந்துபோனால், அல்லது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உள்ள துளை அகன்று இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிட்டால், அமிலம் மேலே வருகிறது. மலேசியாவில் மூன்று இனத்தாரையும் ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவ ஆய்வுகளில், இந்த நோய் இந்தியர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே இது யாரோ சிலருடைய கதை அல்ல.

பெரும்பாலோருக்கு ஓமெப்ரசோல், பன்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளே போதும். மாத்திரையை நிறுத்தினால் மீண்டும் வருகிறது, மாத்திரை எடுத்தும் உணவே மேலேறி வருகிறது, இரைப்பை பெரிதாக மேலே ஏறியிருக்கிறது என்ற நிலையில்தான் அறுவை பேசப்படும். இந்த அறுவையின் பெயர் ஃபண்டோபிளிகேஷன். இரைப்பையின் மேல்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு துண்டைப்போலப் போர்த்தித் தைத்துவிடுவார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்த முறையில் எதுக்களிப்புக்குச் சிகிச்சை செய்து, அடுத்த ஆண்டு அதை எழுதி வெளியிட்டார். இன்றும் முழுச் சுற்றாகப் போர்த்தும் முறை அவர் பெயரில்தான் இருக்கிறது. 1991 முதல் இதைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகள் வழியே செய்கிறார்கள்.

முழுச் சுற்று அமிலத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் விழுங்குவதற்குச் சிரமமும் உப்புசமும் அதில் சற்று அதிகம். அதனால்தான் முக்கால் சுற்று மட்டும் போர்த்தும் டூப்பே முறையைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். தமக்குச் செய்யப்பட்டது எந்தச் சுற்று என்பது பல நோயாளிகளுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் எந்த மருத்துவர் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்றாக இருக்கும்.

உள்ளே போகும், வெளியே வராது

ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும், ஒவ்வொரு மிடறு தேநீரோடும் நாம் கொஞ்சம் காற்றை விழுங்குகிறோம். சாதாரண வயிற்றில் அது ஏப்பமாக வெளியேறிவிடும். போர்த்திய பிறகு அந்த வழி இறுகிவிடுகிறது. காற்று இரைப்பையிலேயே தங்கி உப்புகிறது. மீதி குடலுக்குள் இறங்கி, கீழ்வழியாகப் பிரிகிறது. அறுவைக்குப் பிறகு வாயு பிரிவது அதிகமாகிவிட்டது என்று பலர் வெட்கத்தோடு சொல்வார்கள். சிலர் மருத்துவரிடம்கூடச் சொல்லமாட்டார்கள். அதற்குப் பயந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. கேட்பவருக்குச் சிரிப்பாக இருக்கலாம். அனுபவிப்பவருக்கு அது சிரிப்பல்ல.

இதில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. பல ஆண்டுகள் நெஞ்செரிச்சலோடு வாழ்ந்தவர்கள், ஏறிவரும் அமிலத்தைக் கீழே தள்ளுவதற்காகத் தம்மை அறியாமல் அடிக்கடி எச்சில் விழுங்கிப் பழகியிருப்பார்கள். ஒவ்வொரு விழுங்கலும் கொஞ்சம் காற்று. அமிலம் நின்ற பிறகும் பழக்கம் நிற்பதில்லை. அவசரமாகச் சாப்பிடுவதும் அப்படித்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று நான்கே நிமிடத்தில் விழுங்கிவிட்டு ஓடிய தலைமுறை நம்முடையது. தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளும் அதே வேகத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

இனி அந்த 100 பிளஸ் விவகாரம். உடம்பு சரியில்லை என்றால் அதை வாங்கிக் கொடுப்பது இந்நாட்டில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆனால் அது வாயு அடைத்த பானம். கோலா, சோடா, ஈனோ எல்லாம் அதே கதைதான். ஈனோவைத் தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிறதே, அந்த வாயுவின் ஒரு பகுதி வயிற்றுக்குள் போய், உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்துக்கொண்டு ஏப்பமாக வெளியே வரும். நமக்குச் சுகமாக இருப்பது அதனால்தான். ஒரு டின் கோலாவில் கரைந்திருக்கும் வாயுவைத் தனியே பிரித்தெடுத்தால், அந்த டின்னைப்போல மூன்று நான்கு மடங்கு இடம் பிடிக்கும். ஏப்பம் வராத வயிற்றில் அது எங்கே போகும்? ஏப்பத்தை வரவழைக்கும் எந்த வைத்தியமும் இவர்களுக்கு ஆகாது என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

உறிஞ்சு குழாய் வைத்துக் குடிப்பது, சூயிங்கம் மெல்லுவது, சாப்பிட்டுக்கொண்டே பேசுவது, புகைபிடிப்பது இவையும் காற்றை உள்ளே தள்ளும். மொச்சை, கடலை, முட்டைக்கோஸ் போன்றவை குடலில் வாயுவைக் கூட்டும். அவற்றை முதல் சில வாரங்களுக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம். சாப்பிட்டபின் மெதுவாக நடப்பது பலருக்கு உதவுகிறது. சிமெத்திகோன் மாத்திரை சிலருக்குப் பலன் தரும், சிலருக்குத் தராது. உப்புசம் மாதக்கணக்கில் மெல்லக் குறைந்துவருவதே வழக்கம். பலருக்கு நாளடைவில் சிறிய ஏப்பம் மீண்டும் வரத் தொடங்கும்.

முதல் வாரங்களில் விழுங்குவது

தைத்த இடத்தில் வீக்கம் இருப்பதால், முதல் சில வாரங்கள் உணவு நெஞ்சில் நிற்பதுபோலத் தோன்றுவது இயல்பு. அதற்காகத்தான் மருத்துவமனையில் முதலில் நீராகாரம், பிறகு குழைந்த உணவு, அதன்பின் மெதுவாகச் சாதாரண உணவு என்று படிப்படியாகச் சொல்லி அனுப்புகிறார்கள். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் இது சரியாகிவிடும்.

எழுதிக்கொடுக்கும் உணவுப் பட்டியலில் பெரும்பாலும் சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும்தான் இருக்கும். நம் அடுப்படியில் இதற்கு ஏற்றவை ஏராளம்: அரிசிக் கஞ்சி, ரசம் விட்டுக் குழைய வடித்த சோறு, சாம்பாரில் ஊறிய இட்லி, முள் நீக்கிய மீன், கெட்டித்தயிர், மசித்த பூசணிக்காய். சிக்கல் தருபவை எவை என்றால் ரொட்டி, காய்ந்த சப்பாத்தி, ரொட்டி சானாய், கோழி நெஞ்சுக்கறி, நார் நாரான ஆட்டுக்கறி. ரொட்டியும் மாவுப் பண்டமும் வாயில் மிருதுவாக இருந்தாலும், எச்சிலோடு சேர்ந்து உருண்டையாகி அந்த இறுகிய இடத்தில் நின்றுவிடும். மாமாக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து முதல் ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் போடும் ஆசையைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடத்தான் வேண்டும்.

உணவு நின்றுவிட்டால் என்ன செய்வது? மீன்முள் சிக்கினால் ஒரு கவளம் வெறும் சோற்றையோ வாழைப்பழத்தையோ விழுங்கித் தள்ளுவது நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்த முறை. மீன்முள்ளுக்கே அது நல்லதல்ல; இங்கே அறவே கூடாது. மேலே மேலே தண்ணீர் ஊற்றவும் கூடாது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, மெதுவாக நடந்து, பொறுத்துப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் தானே இறங்கிவிடும். சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாத்திரைகளையும் மறந்துவிடக் கூடாது. நம்மில் பலர் விழுங்கும் மெட்ஃபோர்மின் பெரிய மாத்திரை. அதை உடைத்துச் சாப்பிடலாமா என்பது எந்த வகை என்பதைப் பொறுத்தது. மெதுவாகக் கரையும் வகையைப் பொடியாக்கக் கூடாது. மருந்தகத்தில் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்று மாதம் கடந்தும் விழுங்குவது சிரமமாகவே இருந்தால், எடை குறைந்துகொண்டே போனால், 'பழகிக்கொள்ள வேண்டியதுதான்' என்று இருந்துவிடக் கூடாது. பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும், எண்டோஸ்கோப்பியும் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, நழுவியிருக்கிறதா என்பதைக் காட்டும். உணவுக்குழாய் தசையின் அழுத்தத்தை அளக்கும் சோதனையும் இருக்கிறது. இறுக்கம் மட்டும்தான் காரணம் என்றால், எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூனை விட்டு விரிப்பதிலேயே பலருக்குச் சரியாகிவிடும். மறு அறுவை வேண்டிவருவது சிலருக்கே.

தே தாரிக் குடித்தபின் வரும் படபடப்பு

அதிகம் பேசப்படாத தொல்லை ஒன்று உண்டு. நம் மக்களுக்கு அது முக்கியம். இரைப்பையின் மேல்பகுதி சாப்பிடும்போது விரிந்து கொடுத்து உணவைத் தாங்கும். அதைப் போர்த்தப் பயன்படுத்திவிட்டதால் விரிவது குறைகிறது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு வருவது அதனால்தான். சிலருக்கு உணவு, குறிப்பாக இனிப்பான பானம், வேகமாகச் சிறுகுடலில் கொட்டிவிடுகிறது. மருத்துவத்தில் இதற்கு டம்பிங் என்று பெயர். சாப்பிட்ட பத்து முதல் முப்பது நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்றல், வயிற்றைப் பிசைந்து வரும் பேதி என்று தொடங்கும். இன்னும் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை திடீரென ஏறியதால் உடல் இன்சுலினை அதிகமாகச் சுரந்துவிட, பிறகு இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கும்.

கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், இனிப்புத் தூக்கலான மைலோ, சிராப் பண்டோங் போன்றவை இதற்கு நேரடியான காரணங்கள். குறிப்பாக வெறும் வயிற்றில் குடித்தால். இனிப்பைக் குறைப்பது, மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பது, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடிப்பது, ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், பருப்பு என்று ஏதாவது சேர்த்துக்கொள்வது, இவையே முதல் சிகிச்சை. பெரும்பாலோருக்கு இதுவே போதுமானது.

இந்நாட்டில் நீரிழிவு அதிகம் உள்ள இனம் நம்முடையது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இந்த நடுக்கம் வந்தால், அது மருந்து கூடியதாலா, டம்பிங்கினாலா என்று யூகிக்க முடியாது. அந்த நேரத்தில் விரலைக் குத்திச் சர்க்கரையை அளந்து, என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்து வைப்பதுதான் மருத்துவருக்கு உதவும். அளவு 4.0க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை எடுக்க வேண்டும். பிறகு ஒரு முட்டையோ சிறிதளவு உணவோ சாப்பிடாவிட்டால் மறுபடி தாழ்ந்துவிடும். மெட்ஃபோர்மினே உப்புசத்தையும் பேதியையும் தரக்கூடியது என்பதால், எல்லாப் பழியையும் அறுவையின் மேல் போட்டுவிடவும் கூடாது.

சிலருக்கு நேர்மாறாக இரைப்பை மந்தமாகிவிடும். காலையில் சாப்பிட்டது மாலையிலும் வயிற்றில் கிடப்பதுபோல இருக்கும். இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே ஓடுகிறது. அறுவையின்போது அது நலுங்கினால் இப்படி ஆகலாம். பல ஆண்டு நீரிழிவும் அதே நரம்பைக் கெடுக்கும். எது காரணம் என்பதை உணவு எவ்வளவு நேரத்தில் இரைப்பையைக் கடக்கிறது என்று அளக்கும் சோதனையோடு பழைய குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

வாந்தி வராதபோது

இதைத்தான் வீட்டில் உள்ள எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அறுவை செய்தவருக்கு வாந்தி எடுப்பது மிகக் கடினம். கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டுவிட்டால் மற்றவர் வாந்தி எடுத்துத் தப்பிப்பார். இவர் குமட்டிக் குமட்டி ஓய்ந்துபோவார். பலமாகக் குமட்டுவது தைத்த கட்டை அவிழ்க்கவும் கூடும். எனவே குமட்டல் தொடங்கியவுடனே கிளினிக்குக்குப் போய் நிறுத்தும் மருந்து வாங்குவது நல்லது. தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியை வரவழைக்க முயலக் கூடாது.

குடல் அடைப்பு போன்ற நோய்களில் வாந்திதான் முதல் எச்சரிக்கை. இவர்களிடம் அந்த எச்சரிக்கை வராமலே போகலாம். வயிறு வேகமாக உப்பி, கல்போல இறுகி, வலி கூடிக்கொண்டே போகிறது, வாயுவும் மலமும் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999ஐ அழைக்க வேண்டும். நெஞ்சுவலி கையிலோ தாடையிலோ பரவினாலும், வியர்த்து மூச்சு வாங்கினாலும் அப்படியே. அறுவை செய்தவருக்கும் மாரடைப்பு வரும். 'கேஸ்ட்ரிக்தான்' என்று படுக்கவைக்கப்பட்டு உயிர் போனவர்கள் நம் சமூகத்தில் குறைவல்ல. கறுப்பாகத் தார்போல மலம் போவதும், காய்ச்சலோடு வயிற்று வலி வருவதும் அதே பட்டியலில் சேரும்.

மீண்டும் நெஞ்செரிச்சல் வந்தால்? அதுவும் நடக்கும். சுவீடனில் 2005 முதல் 2014 வரை துளைவழி அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 17.7 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு திரும்பியிருந்தது. அவர்களிலும் பெரும்பாலோர் மாத்திரைக்குத்தான் திரும்பினார்கள். மறு அறுவை செய்துகொண்டவர்கள் சிலரே. ஆறில் ஐந்து பேர் தப்பித்தார்கள் என்றும் இதைப் படிக்கலாம். பழைய மாத்திரை அட்டையைத் தேடி எடுத்துத் தானாக விழுங்கத் தொடங்குவதற்கு முன், உண்மையிலேயே அமிலம்தானா என்று சோதித்துக்கொள்வது மேல். அறுவைக்குப் பின் வரும் எல்லா எரிச்சலும் அமிலத்தால் வருவதில்லை.

வேலைக்குத் திரும்பும் விஷயத்தில் தோட்டத்து மக்கள் சற்று அதிகமாகவே கவனிக்க வேண்டும். செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். அதைத் தூக்கி லாரியில் எறிவதும், நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து இழுப்பதும் வயிற்றுக்குள் அழுத்தத்தை ஏற்றும் வேலைகள். உதரவிதானத்தில் போட்ட தையல் அந்த அழுத்தத்தைத்தான் தாங்க வேண்டியிருக்கிறது. எம்.சி. முடிந்துவிட்டது என்பதற்காக முதல் நாளே குலை தூக்கக் கூடாது. எத்தனை வாரம் பாரம் தூக்கக் கூடாது என்பதை அறுவை மருத்துவரிடமே எழுத்தில் வாங்கி நிர்வாகத்திடம் கொடுத்தால், இலகுவான வேலை கேட்பதற்கு ஆதாரம் இருக்கும். தொடர் இருமலும் முக்கி மலம் கழிப்பதும் இதே கெடுதலைச் செய்யும். இரண்டுக்கும் சீக்கிரமே மருந்து எடுத்துவிட வேண்டும்.

விருந்து வீட்டுச் சிக்கலுக்கு மருந்து கிடையாது. இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் "என்ன மாப்பிள்ளை, சமையல் பிடிக்கலையா?" என்று மாமியார் கேட்காமல் இருக்கமாட்டார். பந்தியில் உட்காரும் முன்பே, "டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்காரு அத்தை, மீதியைக் கட்டிக் கொடுங்க, ராத்திரிக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மலேசியர்களுக்கு அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு வெள்ளி, மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரைப் பார்க்க ஐந்து வெள்ளி. தனியார் மருத்துவமனையில் அறுவை செய்து, பிறகு செலவுக்குப் பயந்து மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்கள் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி அங்கே போகலாம். போகும்போது, அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த அறிக்கை, சாப்பிடும் எல்லா மாத்திரைகள், இரண்டு வாரத்துக்கு எழுதிவைத்த உணவு, தொல்லைக் குறிப்பு ஆகியவற்றைக் கொண்டுபோவது நல்லது. அறிக்கையின் ஒரு நகல் பர்ஸில் இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவருக்கு, மூக்கு வழியாகக் குழாய் செலுத்துவதற்கு முன்னால், எதிரில் படுத்திருப்பவரின் இரைப்பை சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். நோயாளியால் பேச முடியாத நிலையில், உடன் வந்த மனைவியோ மகனோதான் அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.